மாரியில் குருவிக்கும் அணிலுக்கும் தீனி: சிரட்டையும் குறுணலும் கறுத்த வாழைப்பழமும் போதும்

பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலம் வந்தால் மாட்டுக் கொழுப்பை உருக்கி, அதில் விதைகளைக் கலந்து, கட்டியாக்கி மரத்தில் தொங்கவிடுவார்கள். அங்கே நிலம் உறைந்துவிடும், புழு பூச்சி கிடைக்காது. நீண்ட குளிர் இரவைத் தாண்டுவதற்கு ஒரு சின்னக் குருவிக்குக் கொழுப்பு தேவை. அந்த ஊருக்கு அது சரியான முறை. அதையே மட்டக்களப்பில் செய்தால் என்ன ஆகும்? நம் டிசம்பரிலும் பகலில் 27, 28 பாகை வெப்பம் இருக்கும். கொழுப்பு இளகி ஒழுகும், இரண்டு நாளில் காறிப்போன மணம் அடிக்கும். தேங்காய் எண்ணெயில் செய்யலாமே என்று தோன்றும். அது 24 பாகை அளவிலேயே உருகிவிடுகிறது. போதாததற்கு, எண்ணெய் பட்ட இறகு மழைநீரைத் தாங்காது. மழைக்காலத்தில் ஒரு குருவிக்கு நாம் செய்யக்கூடிய கெடுதல்களில் அது பெரியது.

நமக்கு இருப்பது மாரி. வருடத்தில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் கடைசியில் தொடங்கி பெப்ரவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும், டிசம்பர்தான் உச்சம். மாரி பறவைகளுக்குப் பஞ்சகாலம் என்று நினைக்க வேண்டாம். முதல் மழைக்குப் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும், மண்புழு மேலே வரும், புல் பூண்டு எல்லாம் விதை கட்டும். சிக்கல் வருவது அடைமழை நாட்களில். இரண்டு மூன்று நாள் விடாமல் ஊற்றும்போது பூச்சி பறக்காது, பூவில் தேன் கழுவிப்போகும், குருவி ஓட்டுக்கடியில் இறகைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காற்று பலமாக அடித்து மரங்கள் முறிந்த பிறகும் இதே நிலைதான். நாம் உதவக்கூடியது அந்த நாட்களில். வைக்கும் தீனி கொஞ்சமாக இருக்கலாம், ஆனால் நனையாமல் இருக்க வேண்டும். கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே.

யார் யார் வருவார்கள்

எழுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கரையில், ஒரு சாதாரண வளவுக்கு வருகிறவர்களைப் பார்த்தால், தானியம் கொத்துவது ஊர்க்குருவி, நெல்லுக்குருவி, புறா. பழத்துக்கு வருவது கொண்டைக்குருவி, மாம்பழக்குருவி, குயில், கிளி. எதையும் விடாதவர்கள் மைனா, புலுனி, அணில். காகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புரட்டாதிச் சனிக்கு வைக்கும் சோற்றிலேயே அதற்கு உங்கள் வீட்டு விலாசம் தெரிந்துவிடும்.

இன்னொரு கூட்டம் உண்டு, தூர இடத்து விருந்தாளிகள். இமயமலை அடிவாரத்திலிருந்தும் இந்தியாவின் நடுப்பகுதியிலிருந்தும் ஒக்டோபர் அளவில் வந்து இறங்கும் ஆறுமணிக் குருவி அதில் ஒன்று. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணில் மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. மாலை மங்கும் நேரத்தில் விசில் அடிப்பது போல் கூப்பிடும். அது தானியத்தைத் தொடாது. பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும் பஞ்சுருட்டானுக்கும் தட்டில் நாம் வைக்க ஒன்றும் இல்லை. ஆறுமணிக் குருவிக்கு மட்டும் வேறு ஒரு விருந்து வைக்கலாம், பின்னால் சொல்கிறேன்.

சிரட்டைத் தட்டு செய்வது

கடையில் விற்கும் கூண்டுத் தட்டு எதுவும் தேவையில்லை. தேவையானவை: தேங்காய் திருவி முடித்த சிரட்டை, தும்புக் கயிறு, ஒரு பெரிய ஆணி, குறடு, பெயிண்ட் வாளியின் மூடி ஒன்று, தென்னையடியில் விழுந்து கிடக்கும் பன்னாடை ஒரு துண்டு.

1. இரண்டு பாதியில் கண் உள்ள பாதியை எடுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மெல்லியது, தேங்காய் முளைப்பது அதன் வழியாகத்தான். ஆணி முனையால் குத்தினாலே திறந்துவிடும். அதுதான் வடிகால். இந்த வடிகால் இல்லாமல் எந்தச் சிரட்டையையும் தொங்கவிடாதீர்கள், காரணத்தைக் கீழே பாருங்கள்.

2. விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் கீழே, சம தூரத்தில் மூன்று துளைகள் போட வேண்டும். சுத்தியலால் அடித்தால் சிரட்டை கோடு விட்டு வெடிக்கும். ஆணியைக் குறட்டால் பிடித்து அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, அழுத்திப் பிடியுங்கள். புகைந்துகொண்டே மெல்ல இறங்கும், சிரட்டை கருகும் இனிப்பான மணம் வரும். ஒரு சூட்டில் முழுத் துளையும் விழாது. மறுபடி காய்ச்சி, உள்ளேயிருந்தும் ஒருமுறை அழுத்தினால் சுத்தமான வட்டத் துளை கிடைக்கும். வீட்டில் துளையிடும் மெஷின் இருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை.

3. பன்னாடையை உள்ளங்கை அளவுக்கு வெட்டிச் சிரட்டையின் அடியில் விரியுங்கள். தண்ணீர் இறங்கும், தானியம் தங்கும். பதநீரும் கள்ளும் வடிக்கிறவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

4. மூன்று துளையிலும் தும்புக் கயிறு கோர்த்து மேலே ஒன்றாக முடியுங்கள். தும்பு ஈரத்தில் சீக்கிரம் இற்றுப்போகாது. நைலோன் நூலும் தூண்டில் தங்கூசியும் வேண்டாம். குருவியின் காலில் சுற்றினால் இறுகிக்கொள்ளும்.

5. பெயிண்ட் மூடியின் நடுவில் துளை போட்டு, அதே கயிற்றை அதன் வழியாக மேலே எடுத்து, மூடி கீழே சரியாதபடி கீழ்ப்பக்கம் ஒரு பெரிய முடிச்சு போடுங்கள். தட்டுக்கும் மூடிக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி போதும். ஊர்க்குருவிக்கும் கொண்டைக்குருவிக்கும் அது தாராளம், காகத்துக்கு இடைஞ்சல். பெயிண்ட் ஒட்டியிருந்தால் முதலில் சுரண்டிக் கழுவுங்கள்.

தொங்கவிட்ட பிறகு சிரட்டைக்குள் ஒரு கப் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீங்கள் பத்து எண்ணுவதற்குள் வடிந்துவிட வேண்டும். வடியாவிட்டால் துளையைப் பெரிதாக்குங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடத் தேடுவதே இப்படிப்பட்ட தேங்கிய நல்ல தண்ணீரை. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி அது குற்றமும்கூட. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வளவுக்குள் வந்து சிரட்டையைக் கவிழ்த்துப் பார்க்கும்போது "இது குருவிக்கு வைத்தது ஐயா" என்று சொல்லித் தப்ப முடியாது. தண்ணீர்ச் சட்டி தனியாக வைக்கும் வேலையையும் மாரியில் விட்டுவிடுங்கள். ஊரெல்லாம் தண்ணீர்தான்.

எங்கே தொங்கவிடுவது

மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையைச் சாய்த்து அடிக்கும். ஆகவே வீட்டின் தென்மேற்குப் பக்கத்துத் தாழ்வாரம்தான் நல்ல இடம். அங்கே இடமில்லையென்றால் கிணற்றடிக் கொட்டிலோ கிடுகு வேய்ந்த விறகுக் கொட்டிலோ பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் உயரத்துக்கு மேலே, பூனை பாயக்கூடிய சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். ஆறேழு அடி தூரத்தில் செவ்வரத்தையோ கறிவேப்பிலையோ அடர்த்தியாக நின்றால் நல்லது. குருவி முதலில் அங்கே வந்திருந்து நோட்டம் பார்த்துவிட்டுத்தான் தட்டுக்கு வரும். யன்னல் கண்ணாடிக்கு நேர் எதிரே வைத்தால் கண்ணாடியில் மோதிச் சாகும்.

தானியக் கலவை

செலவு குறைந்ததும் பிழை வராததும் இதுதான். நெல் ஆலையில் குறுணல் கேளுங்கள். கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் ஆலைக்குக் குறைவில்லை, முழு அரிசியை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மூன்று பங்கு குறுணலுக்கு ஒரு பங்கு குரக்கன், கொஞ்சம் நெல். அவ்வளவுதான். பச்சை அரிசி குருவியின் வயிற்றில் ஊதி வெடித்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வயலில் அது தின்பதும் பச்சை நெல்தானே.

கலவையைச் சுளகில் புடைத்துத் தூசி நீக்கி, மூடி இறுக்கமான டின்னில் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சிறங்கை, அதாவது முப்பது நாற்பது கிராம் வைத்தால், ஒரு கிலோ கிட்டத்தட்ட ஒரு மாதம் வரும்.

அடைமழை நாளுக்குக் கட்டி

மேலைநாட்டுக் கொழுப்புக் கட்டிக்கு நம் ஊர் மாற்று இது. கொழுப்பைக் கச்சான் கொடுக்கும், பிடித்து வைப்பதை அரிசிமாக் கஞ்சி செய்யும்.

தேத்தண்ணிக் கோப்பை அளவில் குறுணல் ஒன்று, குரக்கன் அரை, உப்பில்லாத வறுத்த கச்சான் கால். கச்சானை உரலில் போட்டுக் குறுணல் அளவுக்கு இடியுங்கள். மாவாகிவிட்டால் எண்ணெய் விட்டுப் பிசுபிசுக்கும்.

முக்கால் கோப்பை தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி அரிசிமாவைக் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கிண்டுங்கள். முதலில் பால் மாதிரி இருக்கும், பிறகு சட்டென்று தடித்துக் கண்ணாடிபோல் மினுங்கும். அகப்பையைத் தூக்கினால் வழியாமல் ஒட்டி நிற்க வேண்டும். அந்த நேரம் இறக்கி, தானியத்தைக் கொட்டிக் கிளறுங்கள். எல்லா மணியிலும் பசை பூசப்பட்டிருக்க வேண்டும், அடியில் கஞ்சி தேங்கக் கூடாது. தேங்கினால் இன்னும் ஒரு பிடி குறுணல் போடுங்கள்.

வாழையிலைத் துண்டில் வைத்து, நனைத்த கையால் வடை தட்டுவது போல் தட்டி, நடுவில் துளை போடுங்கள். ஒரு விரல் தடிப்புக்கு மேல் போகக் கூடாது. இதில் பிடிவாதமாக இருங்கள். தடித்த கட்டி வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும், மூன்றாம் நாள் உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் பூஞ்சணம் பூத்திருக்கும்.

மாரியில் வெயிலை நம்பிக் காயவைக்க முடியாது. இரவுச் சமையல் முடிந்த விறகடுப்பில் தணல் அடங்கிய பிறகு, அடுப்புக் கல்லின் மேல் ஒரு தகட்டைப் போட்டு அதில் பரப்பிவிடுங்கள். காலையில் புரட்டிவிட்டு அடுத்த இரவும் வையுங்கள். நகத்தால் தட்டினால் டக்கென்று சத்தம் வரவேண்டும். காஸ் அடுப்பு மட்டும் உள்ளவர்கள் அடி கனத்த தாச்சியை மெல்லிய நெருப்பில் சூடாக்கி, அணைத்துவிட்டு, அதில் வைக்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும். நாலைந்து நாளைக்குத் தேவையானதை மட்டும் செய்யுங்கள். துளையில் தும்பு கோர்த்து, மூடியின் அடியில் சிரட்டைக்குப் பதிலாகத் தொங்கவிடலாம். அணிலுக்கு இது உயிர். தலைகீழாகத் தொங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொறிக்கும். அது சிந்தும் மணியைக் கீழே புறா பொறுக்கும்.

கச்சான் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈரத்தில் கச்சான், சோளம், கொப்பரா மூன்றிலும் வளரும் அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சணம் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது பறவையின் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, கறுத்தது, புழுங்கல் மணம் அடிப்பது எதையும் "குருவிக்குத்தானே" என்று போடாதீர்கள். அதே காரணத்துக்காகப் பழைய பிண்ணாக்கும் வேண்டாம்.

பழ ஈர்க்கு

சந்தை கலையும் நேரம் போனால் தோல் கறுத்த வாழைப்பழத்தை அரைவிலைக்குத் தருவார்கள், தெரிந்த கடையென்றால் சும்மாவே கிடைக்கும். பப்பாசியின் நுனி, அணில் கடித்த கொய்யா, கறிக்கு வெட்டிய மாம்பழத்தின் கொட்டை எல்லாம் சேரும். தென்னை ஈர்க்கு நாலைந்தைச் சேர்த்துக் கட்டிக் கம்பியாக்கி, பழத்தைத் தோலோடு வட்டமாக வெட்டிக் கோர்த்து, கொப்போடு கொப்பாகக் கட்டுங்கள். கொண்டைக்குருவி ஒன்று வந்தால் முதலில் தலையைச் சரித்துப் பார்க்கும். பிறகு சதையை மட்டும் தோண்டித் தின்று, தோல் வளையத்தை அப்படியே ஈர்க்கில் விட்டுப் போகும்.

இரண்டு நாள் கழித்துப் பழம் புளித்துக் களியானதும் வண்ணாத்திப்பூச்சிகள் வந்து மொய்க்கும். மழை விட்ட வெயிலில் அதைப் பார்க்கலாம். ஆனால் இரவில் வெளியே விட்டுவைக்காதீர்கள், பொழுதுபட முன் உள்ளே எடுத்துவிட்டுக் காலையில் கட்டுங்கள். வௌவால் வந்தால் எச்சிலும் எச்சமும் கிணற்றடி வரை கிடக்கும்.

தேன்சிட்டுக்குச் சீனித் தண்ணீர் வைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். நம் வெக்கையில் அது ஒரு நாளிலேயே புளித்துவிடும், எறும்பும் ஏறும். வாழை பூத்து நிற்கட்டும், செவ்வரத்தை இரண்டு நடுங்கள். அது போதும்.

நெற்கதிர்க் குஞ்சம்

மாரிக்கு வேண்டிய கதிரை மாரியில் தேடினால் கிடைக்காது, பெரும்போகம் அப்போதுதான் வயலில் நிற்கும். ஓகஸ்ட், செப்டெம்பரில் சிறுபோகம் அறுக்கும்போது, மெஷின் இறங்குவதற்கு முன் வரம்போரம் இரண்டு பிடி கதிரைத் தாக்கத்தியால் அறுத்துத் தரச் சொல்லுங்கள். எந்த வயல்காரரும் மறுக்கமாட்டார். மூன்று நாள் வெயிலில் காயவைத்து, தாளைப் பின்னி, தாழ்வாரத்து வளையில் கட்டிவிட்டால் ஊர்க்குருவிக்கும் நெல்லுக்குருவிக்கும் மாரி முழுக்கச் சாப்பாடு. காற்றோட்டத்தில் தொங்குவதால் பூஞ்சணம் பிடிப்பது அரிது. எனக்குப் பிடித்தது இதுதான். வாசலுக்கும் அழகு, தினமும் பார்க்க வேண்டிய வேலையும் இல்லை.

செலவே இல்லாத விருந்து

ஆறுமணிக் குருவிக்கு வேண்டியது சருகு. சருகைக் கிளறிப் புழு, பூரான் குஞ்சு, கறையான் பொறுக்குவதுதான் அதன் சாப்பாடு. புலுனிக் கூட்டமும் அப்படியே. நாமோ விடிந்ததும் வளவைக் கூட்டிக் கொளுத்திவிடுகிறோம். பின்வேலி ஓரம் ஒரு மூலையில் மட்டும், பாய் அகலத்துக்கு, முழங்கால் உயரம் சருகைக் குவித்து மாரி முடியும்வரை விடுங்கள். "வளவைக் கூட்டாம வெச்சிருக்கிறாய், பாம்பு வரும் மனே" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதனால் கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் போகும் பாதையிலிருந்து தள்ளிக் குவியுங்கள், வெறுங்கையால் கிளறாதீர்கள். பூச்சி மருந்து அந்தப் பக்கமே போகக் கூடாது.

வைக்கக் கூடாதவை

மிக்சர், கருவாடு, உப்புப் போட்ட கச்சான் கூடாது, அந்த உப்பைக் குருவியின் உடம்பு தாங்காது. பாணில் வயிறு நிரம்பும், சத்து இல்லை. பால் செரிக்காது. அவகாடோவும் சொக்லட்டும் பறவைக்கு நஞ்சு. பால் பிழிந்த தேங்காய்ப்பூ மத்தியானத்துக்குள் புளித்துவிடும். சோறு வைப்பதென்றால் உப்பில்லாமல், வாழையிலையில், அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு.

நேரமும் அளவும்

காலையில் ஒரு முறை, மத்தியானத்துக்குள் முடிகிற அளவு. மிச்சம் இருந்தால் அடுத்த நாள் குறையுங்கள். பொழுதுபடுவதற்கு முன் தட்டை வெறுமையாக்கி, கீழே சிந்தியதைக் கூட்டி எடுங்கள். சிந்திய தானியத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் சாரை வரும். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் கால் வைத்தால் எலிக்காய்ச்சல் வரும். மாரியில் வளவெல்லாம் வெள்ளம் நிற்கும்போது இதை விளையாட்டாக எடுக்க முடியாது.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறையின் எல்லைக் கிராமங்களிலும் இருப்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெல்லும் வாழைப்பழமும் இரவில் வெளியே இருந்தால் வருவது குருவியாக இராது. யானைக்கு அந்த மணம் வெகுதூரத்திலேயே தெரியும். அங்கே நெற்கதிர்க் குஞ்சமும் பழ ஈர்க்கும் வேண்டாம், காலையில் ஒரு சிறங்கைக் குறுணல் வைத்து அதோடு நிறுத்துங்கள். தீனி கொண்டுவந்த பொலித்தீன் பையையும் வெளியே எறியாதீர்கள். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்த செய்தி 2022இல் உலகம் முழுக்கப் போனது. குரங்கு வரும் இடங்களில் தட்டே வைக்காமல், சருகுக் குவியலோடு நின்றுகொள்வது புத்தி.

கழுவுவது, நிறுத்துவது

வாரம் ஒரு முறை சிரட்டையைக் கழற்றி, பன்னாடையை எறிந்துவிட்டு, கொதிநீர் ஊற்றித் தும்பால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். இரண்டு சிரட்டை செய்து மாறி மாறிப் பாவித்தால் சுலபம். வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இறகை ஊதிக்கொண்டு அசையாமல் இருக்கும் குருவியையோ, கண் வீங்கியதையோ, சொண்டிலும் காலிலும் பாலுண்ணி போல் கட்டி உள்ளதையோ கண்டால் இரண்டு வாரம் தீனியை நிறுத்திவிடுங்கள். ஒரே தட்டில் கூட்டமாகத் தின்னும்போதுதான் நோய் பரவும். கோழி வளர்ப்பவர்கள் தட்டைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

பெப்ரவரி கடைசியில் பெரும்போக அறுவடை தொடங்கிவிடும். வயலெல்லாம் நெல் சிந்திக் கிடக்கும்போது நம் சிரட்டைக்கு வேலை இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு மூன்று நாளைக்கு ஒரு முறை என்று குறைத்து நிறுத்துங்கள். ஆறுமணிக் குருவி ஏப்ரல் அளவில் திரும்பிப் போய்விடும், அதுவரை சருகுக் குவியல் கிடக்கட்டும். பெயிண்ட் மூடியையும் கயிற்றையும் அடுத்த மாரிக்கு எடுத்து வையுங்கள். சிரட்டையை அடுப்பில் போடுங்கள், புதிதாய் ஒன்று செய்ய அரை மணி நேரம் போதும்.